இரண்டாம் கரண்டிச் சர்க்கரை

அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் பன்னிரண்டு ஆண்டுகளாக உருளைக்கிழங்குதான் இருந்தது. முப்பது லிட்டர் பிடிக்கும் வாளி. மூடியின் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. உருளைக்கிழங்குக்கு எதற்குத் துளை போட்ட மூடி என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடியவர்கள் அந்த வீட்டுக்கு வருவதும் குறைந்துபோயிருந்தது.

வீட்டுக்காரர் தோர்ஸ்தி கிவெலா. அறுபத்திரண்டு வயது. ஹெய்னொலாவில் முப்பத்தோரு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். பாலம், பள்ளிக்கூடம், மரத் தொழிற்சாலை, திரும்பவும் பாலம் என்று ஒரே தடம். ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. மனைவி இர்மெலி இறந்து மூன்றாண்டு. ஒரே மகள் சைமி பக்கத்து நகரமான லாத்தியில் வேலை பார்க்கிறாள், அரை மணி நேரப் பயணம்.

ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் சைமி வந்தாள். பனி முழங்கால் வரை கிடந்தது. வாசலில் நின்று காலால் கதவை உதைத்தாள்.

"அப்பா, கதவப் பிடி. ரெண்டு கையும் நெறஞ்சிருக்கு."

ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை, ரப்பர் குழாய்ச் சுருள், கார்க் அடிக்கும் கருவி, சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மிதக்கவிடும் குழாய் என்று ஒவ்வொன்றாக இறங்கின.

"என்ன இது? எந்தக் கடையக் கொள்ளையடிச்ச?"

"எல்லாம் என்னோடது. ரெண்டு வருஷமா என் வீட்டுக் குளியலறையில பீர் போடறேன். உன்கிட்ட சொன்னா நீ தூங்கமாட்டன்னுதான் சொல்லல."

"குளிக்கறது எங்க?"

"பீர் இல்லாத நாள்ல குளிக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. வழக்கம்போல நகர்ந்து அவளுடைய வலப்பக்கம் போய் நின்றார். சைமியின் இடது கண் கண்ணாடிக் கண். அந்தப் பக்கம் நிற்பவரைப் பார்க்க அவள் முழுத் தலையையும் திருப்ப வேண்டும். அந்த வீட்டில் எல்லோரும் அவளுக்கு வலப்பக்கம் நிற்கப் பழகியிருந்தார்கள்.

"ஜூன்ல எனக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். உன்னோட சிவப்பு பெர்ரி வைன் வேணும். கம்பிய அவுத்தா சத்தத்தோட பொங்குமே, அது. இருபத்தெட்டு பாட்டில் போதும்" என்றாள்.

"நான் அத விட்டுட்டேன் சைமி."

"விட்டத எடுத்துக்கோ."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"கண்ணு போன எனக்கே பயமில்ல, உனக்கென்ன? பாட்டில்ல கீறல் இருந்துச்சு. உன் கைமேல என்ன தப்பு?"

தோர்ஸ்தி உருளைக்கிழங்குகளை ஒரு சாக்கில் கொட்டத் தொடங்கினார். மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். இருந்தது ஒரே காரணம்தான். அதை அவர் பன்னிரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடித்தது கல்யாணத்துக்கு முன்பே. முதலில் டின்னில் விற்கும் மால்ட் என்ற முளைத்தானியச் சாற்றைக் கரைத்துப் போடும் பீர். அடுத்து வாங்கிய வாளியில் சுமாரான பீர், அதற்கடுத்து நல்ல பீர். சைமி பிறந்தபின் அவளுக்காக இஞ்சி சோடா, எலுமிச்சை சோடா. பள்ளி நாட்களில் அவள் பிறந்தநாளுக்குத் தோழிகள் வந்ததே சோடாவுக்காகத்தான் என்று இர்மெலி கேலி செய்வாள். கடைசியில் பெர்ரி வைன். தோட்டத்துப் பழத்தைப் பறித்து, குளிர்பெட்டியில் உறையவைத்து, குளிர்காலம் முழுதும் நொதிக்கவிட்டு, ஏப்ரலில் பாட்டிலில் அடைத்தால் ஜூன் மாத நடுக்கோடைப் பண்டிகைக்குப் பொங்கும். பொங்கும் வைனுக்குக் கனமான பாட்டில் வேண்டும். அதைக் கொடுத்தவர் இர்மெலியின் அண்ணன் ரெய்னோ. ஓட்டல் பாரில் வேலை. விருந்து முடிந்ததும் காலிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவி, நல்லதை மட்டும் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவார்.

"மாப்ள, இது பிரெஞ்சுக்காரன் குடிச்ச பாட்டில். இதுல நீ ஊத்தறத ஊத்து, அவன் அழுவான்" என்பார்.

மே தினத்துக்கு எலுமிச்சையும் பழுப்புச் சர்க்கரையும் ஈஸ்டும் போட்ட சிமா சோடா இல்லாத வீடு அந்த ஊரில் கிடையாது. பாட்டிலில் ஊற்றும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டிச் சர்க்கரை, நாலு உலர்திராட்சை. அடியில் கிடக்கும் திராட்சை எழும்பி மேலே மிதந்தால் சோடா தயார். ஒரு கரண்டி, நாலு திராட்சை. ஒரு கரண்டி, நாலு திராட்சை. சின்ன வயதிலிருந்தே அவர் கைக்குத் தெரிந்த தாளம் அது.

வைனுக்கு அப்படி இல்லை. சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி வாளி முழுதும் முதலிலேயே கலந்துவிட வேண்டும். பாட்டிலில் தனியாக எதுவும் போடக்கூடாது. போட்டால் காற்று இரண்டு பங்கு சேரும். கண்ணாடி எவ்வளவுதான் தாங்கும்?

பாட்டில் கழுவுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. அதனால் தோர்ஸ்தி ஒரே நாளில் சௌனா என்ற நீராவிக் குளியலறையின் வெந்நீரில் எல்லாவற்றையும் கழுவி, சிமாவையும் வைனையும் அடுத்தடுத்து அடைத்துவிடுவார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏப்ரல் சனிக்கிழமையும் அப்படித்தான் செய்தார். காலையிலேயே வைன் வாளியில் பாகைக் கலந்துவிட்டார். பிறகு இருபது பாட்டில் சிமா. அது முடிந்த கையோடு வைன். மனம் வைனுக்கு வந்துவிட்டது. கை மட்டும் இன்னும் சிமாவில் இருந்தது. ஒவ்வொரு வைன் பாட்டிலிலும் ஒரு கரண்டிச் சர்க்கரை விழுந்தது. திராட்சைக் கிண்ணம் காலியாகியிருந்தது. நாலு திராட்சை மிச்சமிருந்து சிவப்பு வைனில் விழுந்திருந்தால் அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.

கைமறதி. யாருக்கும் வரலாம். அதோடு முடிந்திருந்தால் அவர் அதை என்றைக்கோ சொல்லியிருப்பார்.

அன்று சாயங்காலம் அடுப்படியைத் துடைக்க வந்தபோது பாகு காய்ச்சிய பாத்திரத்தைப் பார்த்தார். பக்கத்தில் சர்க்கரை டப்பா. இருக்க வேண்டியதைவிட நன்றாக இறங்கியிருந்தது. அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

திறந்து காற்றை விட வேண்டும். திறந்தால் பாதி வைன் தரையில் போகும். ஜூன் பண்டிகைக்குத் தெருவுக்கே ஊற்றுவதாக இர்மெலி சொல்லிவைத்திருந்தாள். நாளை பார்ப்போம் என்று விளக்கை அணைத்தார். மறுநாள் வேறொருவருக்குப் பதிலாகப் பேருந்து ஓட்டப் போனார். அடுத்த வாரம் மே தினம். அதற்கடுத்த வாரம் வெயில் வரவில்லை, அறை குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தார். ஆறு வாரம் ஓடிவிட்டது.

ஜூன் முதல் சனிக்கிழமை சௌனா சூடாகிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதுச் சைமி குளிக்கும்போது உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்தை எடுக்க, வைன் அடுக்கியிருந்த பக்கத்து அறைக்குப் போனாள். சத்தம் ஒரே ஒருமுறைதான் கேட்டது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இர்மெலி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என்னங்க ஆச்சு? எப்படி ஆச்சு? சொல்லுங்க!" அருகில் ரெய்னோ நின்றிருந்தார். தோர்ஸ்தி வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம். "பாட்டில்ல கீறல் இருந்திருக்கும்."

யோசித்துச் சொன்னதல்ல. சொன்னபின் திருப்பி எடுக்கவும் இல்லை. ரெய்னோ தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "தடவிப் பாத்துத்தானே எடுத்தேன் மாப்ள. ஒண்ண விட்டுட்டேன் போல" என்றார்.

மறுநாள் தோர்ஸ்தி குளிர்காலக் கோட்டும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு மீதி இருபத்தேழு பாட்டில்களையும் திறந்து சாக்கடையில் ஊற்றினார். ஒவ்வொரு கார்க்கும் பறந்த வேகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இர்மெலி அதன்பின் தன் அண்ணனோடு மனம்விட்டுப் பேசவில்லை. கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் போய் வந்தது. அவள் அடக்கத்தன்று ரெய்னோ தேவாலயத்தின் கதவருகே நின்றார். எல்லோரும் காபிக்கு உட்கார்ந்தபோது அவர் இல்லை.

இதை எல்லாம் மனதில் போட்டுக்கொண்டு, அந்த ஜனவரி ஞாயிறன்று தோர்ஸ்தி வாளியைத் தேய்த்துக் கழுவினார். சைமி பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"மண்ணு வாசன போகல. இன்னும் தேய். உருளைக்கிழங்கு வைன் குடிக்கவா ஊர்சனம் வருது?"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"பன்னண்டு வருஷம் லீவுல இருந்த டிரைவர்கிட்ட யாராச்சும் நேரா வண்டியக் குடுப்பாங்களா?"

குளிர்பெட்டியில் உறைந்திருந்த தோட்டத்துப் பழத்தை உருகவைத்து நசுக்கியபோது மணம் வீட்டை நிறைத்தது. அவர் கையில் சாறு சிவப்பாக வழிந்தது. கையைச் சட்டென்று துண்டில் துடைத்துக்கொண்டார். சைமி கவனிக்கவில்லை. அவள் வேறொன்றைச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெய்னோ மாமாவக் கூப்பிட்டேன். வரமாட்டாராம்."

"ஏனாம்?"

"உனக்குத் தெரியாதா? 'நான் குடுத்த பாட்டில் உன் கண்ண எடுத்துச்சு. உன் கல்யாணத்துல எல்லாரும் பாட்டிலத் தூக்கறப்ப நான் எங்க பாத்துட்டு நிக்கறது'ன்னார். எனக்கு அழுகையா வந்துச்சு. அம்மா வழியில மிச்சம் இருக்கறது அவர் ஒருத்தர்தான். நீ ஒரு வார்த்த பேசேன்ப்பா. நீ சொன்னா வருவார்."

"பேசறேன்" என்றார் தோர்ஸ்தி.

மறுவாரம் உண்மையிலேயே தொலைபேசியை எடுத்தார். ஏரியில் பனிக்கட்டி எத்தனை கனம், மீன் கடிக்கிறதா என்று இரண்டு பேரும் நாலு நிமிஷம் பேசினார்கள். ஐந்தாவது நிமிஷம் ரெய்னோ, "வேற ஒண்ணும் இல்லையே மாப்ள?" என்றார். "வேற ஒண்ணும் இல்ல மச்சான்" என்று வைத்துவிட்டார்.

சைமி ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். வைன் ஒரு மூலையில் மூடித் துளை வழியே குமிழி விட்டுக்கொண்டிருக்க, பிப்ரவரியில் கண்ணாடிக் குடுவையில் பீர் போட்டார்கள். அவள் எல்லாவற்றுக்கும் கைபேசியில் மணியடிக்க வைத்து, மிதக்கும் குழாயால் அளந்து பார்ப்பாள். இவர் குடுவை வாயில் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார்.

"இன்னும் ரெண்டு நாள் போகணும்."

"கருவி இன்னைக்கு முடிஞ்சதுங்குது. உன் மூக்கு எந்த ஆபீஸ்ல சர்டிபிகேட் வாங்குச்சு?"

இரண்டு நாள் கழித்து அவர் போனில் அளவைப் படித்துச் சொன்னதும், "சரி, உன் மூக்குதான் ஜெயிச்சுது" என்பாள். அப்போது அவருக்கு வந்த சந்தோஷத்தை அவரே வெறுத்தார். ஈஸ்ட் மணத்தோடு எழுந்திருப்பதும், வாளிமேல் காதை வைத்துக் குமிழிச் சத்தம் கேட்பதும் இத்தனை பிடிக்கும் என்று அவர் மறந்தே போயிருந்தார். மகளோடு அருகருகே நின்று ஒரு வேலையைச் செய்து எத்தனை காலம்! இன்று சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள். அடுத்த ஞாயிறு சொல்லலாம். முன்பு ஆறு வாரம் அவரை ஓட்டிய அதே 'அடுத்த வாரம்' இப்போதும் ஓட்டிக்கொண்டிருந்தது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மார்ச்சில் சைமி மறுபடி கேட்டாள். "மாமாகிட்ட பேசினியா?"

"பேசினேன். பிடிவாதக்காரன்."

பொய்க்குமேல் ஒரு பொய் இவ்வளவு சுலபமாக உட்காரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் பாதியில் ஏரியின் பனிக்கட்டி கறுத்து, கரையோரம் உருகி விலகியது. பாட்டிலில் அடைக்கும் நாள். சௌனாவில் வெந்நீர் போட்டு இருவரும் வியர்க்க வியர்க்கப் பாட்டில் கழுவினார்கள். எல்லாம் சைமி கடையில் வாங்கிய புதுப் பாட்டில்கள். ஓட்டல் பாட்டிலை அவள் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. வைன் வாளியில் பாகை அவளே கலந்தாள். "காலையிலயே இது முடியட்டும். அப்புறம் மறந்துரும்" என்றாள்.

முதலில் சிமா. சைமி குழாயைப் பிடித்து ஊற்ற, தோர்ஸ்தி கரண்டியோடு நின்றார். ஒரு கரண்டி, நாலு திராட்சை. ஒரு கரண்டி, நாலு திராட்சை. சைமி ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். இருபது பாட்டில் முடிந்தது. திராட்சைக் கிண்ணம் காலி. அவள் குழாயைக் கழுவி வைன் வாளிக்கு மாற்றினாள். முதல் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

தோர்ஸ்தி கரண்டியைச் சர்க்கரையில் விட்டு எடுத்து, பாட்டில் வாய்க்குக் கொண்டுபோனார்.

"அப்பா!"

சைமி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். சர்க்கரை மேசைமேல் சிதறியது.

"பாகு கலந்தாச்சுப்பா. ரெண்டு தடவ போட்டா என்ன ஆகும்? கல்யாணத்துக்கு வெடிகுண்டா வைக்கப் போறோம்?" என்று சிரித்தாள். "நல்ல ஆளு. இதுல என் கருவியக் குத்தம் சொல்ற!"

அவர் சிரிக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கரண்டி அவர் விரல்களில் சாய்ந்தது. மிச்சமிருந்த சர்க்கரையும் விழுந்தது. அவர் சிதறிய சர்க்கரையையே பார்த்தார். சைமியும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள், வேறு குரலில். "அன்னைக்கும் இப்படித்தானா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"பாட்டில்ல கீறல்?"

"இல்ல. எல்லாம் நல்ல பாட்டிலு."

அவள் கையை விட்டாள். ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சரி. கை தவறிப்போச்சு. இப்பகூட தவறுச்சே, நானே பாத்தேன். யாருக்கும் ஆகும். நீ என்ன வேணும்னா செஞ்ச?" அவள் அவருக்காகவே காரணம் தேடிக்கொண்டிருந்தாள். அதை வாங்கிக்கொண்டு அவர் அங்கேயே நின்றிருக்கலாம். அவளே திறந்து வைத்த கதவு அது.

"எனக்குத் தெரியும் சைமி."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே. சர்க்கரை டப்பாவப் பாத்ததுமே. திறந்து விடணும்னு தெரியும். வைன் போயிருமேன்னு... நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டேன்."

"எத்தன நாள்?"

"ஆறு வாரம்."

அவள் உதடு ஏதோ எண்ணுவதுபோல அசைந்தது. "அந்த ஆறு வாரமும் நான் அந்த ரூமுக்குத் தெனமும் போயிருப்பேன். என் சைக்கிள் அங்கதான் நிக்கும்."

அவர் மேசைமேல் கிடந்த சர்க்கரையை உள்ளங்கையால் ஓரமாகத் தள்ளினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

சைமி எழுந்தாள். போய்விடுவாள் என்று அவர் நினைத்தார். போகவில்லை. பாகு கலந்த வைனை அப்படியே விட்டுப் போக முடியாது. அவளுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். அவள் குழாயைத் திறந்து தானே ஊற்றி, தானே கார்க் அடித்து, கம்பியை முறுக்கினாள். இருபத்தெட்டு பாட்டிலும் ஒரே அளவு. அவர் உதவிக்குக் கை நீட்டியபோது, "கரண்டிய வச்சுட்டுத் தள்ளி நில்லு" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் அன்று அவள் வாயிலிருந்து 'அப்பா' என்ற சொல் வரவில்லை.

பாட்டில்களைப் பெட்டிகளில் அடுக்கிக் காரில் ஏற்றினாள். சிமாவை அப்படியே விட்டுவிட்டாள். காரின் கதவைத் திறந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"மாமாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீ போ. போன்ல இல்ல. நேர்ல."

மறுநாள் காலையிலேயே தோர்ஸ்தி போனார். 'அடுத்த வாரம்' என்று மனம் ஒருமுறை சொல்லிப்பார்த்தது. அவர் அதற்குள் காலணியைப் போட்டுவிட்டார். தான் ஓட்டிய தடத்திலேயே பயணியாக உட்கார்ந்து, மரத் தொழிற்சாலை நிறுத்தத்தில் இறங்கி, மூன்றாவது மாடி ஏறினார்.

ரெய்னோ கதவைத் திறந்தார். எழுபதைத் தாண்டியவர். "அடடே, மாப்ள! வழி தெரியாம வந்துட்டியா? உள்ள வா, உள்ள வா. காபி சூடா இருக்கு."

காபி ஒரு தகரக் குவளையில் வந்தது. மேசைமேல் பால் அட்டைப்பெட்டியில் இருந்தது. ஜாம் பிளாஸ்டிக் டப்பாவில். அலமாரியில் தட்டுகள், மரக்கிண்ணங்கள். தோர்ஸ்தி சுற்றிப் பார்த்தார். அந்த வீட்டில் ஜன்னலைத் தவிர ஒரு துண்டுக் கண்ணாடி இல்லை. ஓட்டல் பாரில் முப்பது வருஷம் கண்ணாடி துடைத்த மனிதர்.

குவளையைத் தொடாமலே தோர்ஸ்தி சொல்லி முடித்தார். இந்த முறை எதையும் விடவில்லை. பாகு, கரண்டி, டப்பா, ஆறு வாரம், தாழ்வாரத்தில் சொன்ன வாக்கியம், சாக்கடையில் ஊற்றியது. மார்ச்சில் சைமியிடம் சொன்ன பொய்யையும் சொன்னார்.

ரெய்னோ ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"மொத்தம் எத்தன பாட்டில் குடுத்தேன்?"

"இருபத்தெட்டு மச்சான்."

"எல்லாமே நல்ல பாட்டிலுதானா?"

"எல்லாமே."

"நான் கனவுல அதத் தடவிப் பாப்பேன் மாப்ள. ஒவ்வொண்ணா. இருபத்தெட்டையும். எதுலயும் கீறல் இருக்காது. மறுபடி முதல்ல இருந்து பாப்பேன். ஒண்ணு கிடைச்சிருந்தாலும் நிம்மதியா இருந்திருக்கும்." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். "இர்மெலிகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அவ படுத்துக் கெடந்தாளே, அப்பகூட?"

"இல்ல."

ரெய்னோ எழுந்தார். தோர்ஸ்தியும் எழுந்தார். அடி விழும் என்றுகூட நினைத்தார். விழுந்தால் தேவலை என்றும் நினைத்தார். ரெய்னோ வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"கெளம்பு."

"கல்யாணத்துக்கு நீங்க..."

"அது எனக்கும் அந்தப் பொண்ணுக்கும். நீ கெளம்பு மாப்ள."

அப்போதும் 'மாப்ள' என்றுதான் சொன்னார். படி இறங்கும்போது தோர்ஸ்திக்கு அதுதான் தாங்கவில்லை.

மே தினம் வந்தது. தெருவெல்லாம் பலூனும் டோனட்டும். தோர்ஸ்தி வீட்டில் இருபது பாட்டில் சிமா வரிசையாக நின்றது. திராட்சைகள் எல்லாம் மேலே வந்து மிதந்தன. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை விட்டார். குடிக்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிறுகள் வந்தன, போயின. வாசலை யாரும் காலால் உதைக்கவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். உருளைக்கிழங்கு சாக்கிலேயே கிடந்தது.

ஜூன் முதல் வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "சனிக்கிழமை இரண்டு மணி. ஏரிக்கரை மண்டபம். வைன் மாமா வீட்டில் இருக்கிறது. அவர் கொண்டுவருவார்." வா என்று அதில் இல்லை. வராதே என்றும் இல்லை. தோர்ஸ்தி அதைப் பலமுறை படித்தார். பிறகு நல்ல கோட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

மண்டபத்தில் கூட்டம். ஜன்னல்கள் திறந்திருந்தன, ஏரிக் காற்று மேசைவிரிப்பைத் தூக்கியது. சைமி வெள்ளை உடையில் நடுவே நின்றாள். அவளுடைய வலப்பக்கம் மாப்பிள்ளை. மேசைக்குப் பின்னால் ரெய்னோ, பழைய ஓட்டல் வேலைக்காரரைப்போலக் கையில் துண்டு போட்டுக்கொண்டு நின்றார். தோர்ஸ்தி உள்ளே வந்து கதவருகே நின்றார். அதற்குமேல் கால் போகவில்லை. அது சைமிக்கு இடப்பக்கம் என்பதை நின்றபிறகுதான் கவனித்தார். மாறி நிற்கலாமா என்று யோசித்தார். மாறவில்லை.

ரெய்னோ முதல் பாட்டிலை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்திலிருந்து அடிவரை விரலால் தடவினார். பேச்சுச் சத்தம் தானாகக் குறைந்தது. அவர் பாட்டிலைத் துண்டால் சுற்றி, கம்பியை ஆறு முறை திருகி எடுத்தார். கட்டைவிரலைக் கார்க்மேல் வைத்தபடி நின்றார். யாரோ, "சீக்கிரம் தாத்தா, தொண்ட வறளுது!" என்று கத்தினார்கள். சிலர் சிரித்தார்கள்.

கார்க் சத்தத்தோடு கழன்றது. தோர்ஸ்தி கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது சிவப்பு நுரை கோப்பைகளில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ரெய்னோ ஒரு கண்ணாடிக் கோப்பையைத் தன் கையில் எடுத்து, இதற்குமுன் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்பதுபோலப் பிடித்திருந்தார்.

தட்டில் கோப்பைகள் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தன. கதவருகே வரும்போது தட்டு காலியாக இருந்தது. சைமி யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். தலையை முழுதாகத் திருப்பினால்தான் அவரைப் பார்க்க முடியும். ரெய்னோ இரண்டாவது பாட்டிலைத் தடவிக்கொண்டிருந்தார். அதையும் சேர்த்து இன்னும் இருபத்தேழு இருந்தது. தோர்ஸ்தி கோட்டைக் கழற்றாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், நின்ற இடத்திலேயே நின்றார்.